எட்டாம் நாள், மாடி வீட்டில்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் எங்கள் தலைக்கு மேல் ஒரு யூதக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு ஆன்டி ஆண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பெயர் என்ன என்று கேட்டேன். எட்டாம் நாள்தான் சொல்வோம் என்றார் அங்கிள். எனக்கு அப்போது எட்டு வயது. பொறுமை என்பது கிடையாது. இப்போதும் அப்படி ஒன்றும் கூடிவிடவில்லை.

எட்டாம் நாள் காலை எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தைக்கு அங்கே என்ன செய்வார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். தொண்டையைக் கனைத்துவிட்டு, ஆபீஸிலிருந்து போன் என்று நழுவிவிட்டார். அங்கிள்தான் ஒளிக்காமல் சொன்னார். ஆண் குறியின் நுனித்தோலைச் சிறிது வெட்டி எடுப்பார்கள். கடவுள் ஆபிரகாமோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அதுதான் அடையாளம். உலகத்தைப் படைத்த கணக்கு ஏழு நாளோடு முடிந்தது. எட்டாவது நாள் அதைத் தாண்டியது. மனிதனைக் கடவுள் கொஞ்சம் முடிக்காமல் விட்டிருக்கிறார், மிச்சத்தை மனிதக் கைதான் முடிக்கவேண்டும் என்றார். வலிக்காதா என்று கேட்டேன். வலிக்கும், அதனால்தான் எல்லாரும் கூட நிற்கிறோம் என்றார். ஆனாலும் போகாமல் இருப்பேனா!

அப்போது சித்தியும் எங்களோடு இருந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பாவின் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்து, வீடு கிடைக்கும் வரை எங்களிடம் தங்கியிருந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. வளைகாப்போ, பெயர் வைப்பதோ, எங்கள் ஆட்களின் விசேஷம் எதுவானாலும் சித்தி தானாகவே உள்ளே போய் ஏதாவது வேலையில் கையை வைத்துக்கொள்வாள். யாரும் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

மாடி வீட்டு ஹாலில் நாற்பது பேராவது இருப்பார்கள். நடுவே பட்டுத்துணி விரித்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உட்காரப் போன என்னை அங்கிள் தோளைப் பிடித்து நிறுத்தினார். அது எலியா தீர்க்கதரிசியின் இடமாம். ஜனங்கள் உடன்படிக்கையை மறந்துவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் கடவுளிடமே கோள் சொன்னவராம். சரி, நீயே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சாட்சியாக உட்கார் என்று கடவுள் அனுப்பிவிட்டாராம். அதன் பிறகு அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மூச்சுவிடவே எனக்குப் பயமாக இருந்தது.

சித்தியைக் காணோம், போய்க் கூட்டிவா என்றாள் அம்மா. பழக்க தோஷத்தில் சித்தி கண்ணில் பட்ட முதல் கதவைத் திறந்து உள்ளே ஒதுங்கியிருக்கிறாள். அங்கேதான் ஆன்டி குழந்தையோடு கூப்பிடும் நேரத்துக்குக் காத்திருந்தாள். நான் போனபோது ஆன்டி குழந்தையை நீட்டிக்கொண்டிருந்தாள். சித்தி சுவரோடு ஒட்டி நின்றாள். பதற்றத்தில் அவளுக்கு இருந்த இங்கிலீஷும் போய்விட்டது.

"நான் தூக்கக் கூடாதுடி. எனக்குக் குழந்தை இல்லன்னு சொல்லு அவங்ககிட்ட."

சொன்னேன். ஆன்டி மெதுவாக என்னிடம் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் அப்படியே ஒப்பித்தேன்.

"குழந்தைக்காக வெயிட் பண்றவங்கதான் தூக்கணுமாம், சித்தி. இவங்க வழக்கமே அதுதானாம்."

இந்த நல்ல நேரத்தில் குழந்தையை ஏந்தும் கைக்குக் கடவுள் ஒரு குழந்தையைக் கொடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளியே ஆன்டியின் தங்கை ஒருத்தி அதற்காகவே காத்திருந்தாள், அவளுக்கும் குழந்தை இல்லை. ஆனாலும் இந்த அறை வாசற்படி வரைக்குமாவது நீ ஏந்து என்றாள் ஆன்டி. சித்தி குழந்தையை வாங்கிக்கொண்டதும் எங்கே போட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன். போடவில்லை.

கதவு திறந்ததும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வருகிறவனுக்கு ஆசி என்று ஒரே குரலில் சொன்னார்கள். சித்தியைப் பார்த்து இத்தனை பேர் எழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. குழந்தை கைமாறிக் கைமாறிப் போய் அந்த நாற்காலியில் ஒரு கணம் கிடந்தது, பிறகு தாத்தாவின் மடிக்குப் போனது. நுனித்தோலை வெட்டுவதற்கென்றே பயின்றவர் குனிந்தார். வீறிட்டு ஓர் அழுகை. ஒரு துளி திராட்சைரசம் உதட்டில் பட்டதும் அடங்கியது. உடன்படிக்கைக்குள் வந்ததுபோலவே வேதத்துக்குள்ளும், கல்யாணத்துக்குள்ளும், நல்ல காரியங்களுக்குள்ளும் வரட்டும் என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். பெயரைச் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டே நாள் வயசானவனை இத்தனை பெரிய ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போனதே என்று பிரமித்தேன். சித்தி வாசற்படியிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது பிரமிப்பு போய்ப் பொறாமை வந்துவிட்டது. மொழிபெயர்த்தது நான், தூக்கினது அவளா? நெக்ஸ்ட் டைம் மை டர்ன் என்றேன் உர்ரென்று.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீயே தூக்கிக்கோடி. எனக்கு இது போதும்."

சித்திக்குக் கடைசி வரை குழந்தை பிறக்கவில்லை. பத்தடி தூரம், அதுவும் யாரோ பெற்ற பிள்ளை, இதில் என்ன போதும் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.