கடலுக்குப் போகாத பச்சைப் பலகைகள்

கோயம்புத்தூர்க்காரிக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர்கள் எனக்கு இல்லை. சிலரிடம் மீன் பண்ணை என்றும், சிலரிடம் கப்பல் உத்தியோகம் என்றும் அப்பாவே வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். நான் பார்ப்பது பவளப்பாறை ஆராய்ச்சி. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டித் தீர்த்த இடங்களில் மறுபடியும் பவளத்தை வளர்ப்பதுதான் என் வேலை. அப்பாவோ மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுண்ணாம்புக்கல் போட்ட சோற்றில் வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, இந்த வேலையில் எனக்குக் கூடுதலாகவே பிடிவாதம் உண்டு.

உயிருள்ள பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டுகளை எடுத்து, கான்கிரீட் பலகையில் கட்டிக் கடலடியில் இறக்குவோம். அவை ஒட்டிக்கொண்டு வளரும். கோடையில் தண்ணீர் சூடாவதற்குள் இறக்கியாக வேண்டும். தவறினால் அந்த வருஷமே போய்விடும். ஒரு வருஷம், பலகை வார்த்துத் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். போனில் அப்பாவிடம் புலம்பினேன். சிங்காநல்லூரில் சித்தப்பாவுக்குப் பம்ப் பட்டறை இருந்தது.

"நானும் உங்க சித்தப்பனும் போட்டுத் தாரோம். நீ கவலையை உடு அம்மணி" என்றார்.

சொன்ன நாளில் லாரியோடு போய் இறங்கினேன். பட்டறை வாசலில் அத்தனை பலகைகளும் பளபளவென்று பச்சை எனாமல் பெயின்ட்டில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் பம்போ மோட்டாரோ கிரைண்டரோ, பெயின்ட் அடிக்காமல் பட்டறையை விட்டு வெளியே போகாது. பெயின்ட் இல்லாதது அரைகுறைச் சரக்கு. மகளுக்குப் போகிற சரக்கை அரைகுறையாக அனுப்புவாரா?

"அப்பா, இதுக்கு எதுக்குங்க பெயின்ட்டு?"

"உப்புத் தண்ணி அரிச்சுப்போடுமல்ல கண்ணு. அதான் ரெண்டு கோட்டு அடிச்சுப்போட்டோம்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதுல கட்டுனா பவளம் ஒண்ணும் பொழைக்காதுங்கப்பா. இந்தப் பெயின்ட்டு அதுக்கு விஷம்" என்றேன். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுரண்டி எடுத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். கான்கிரீட் குடித்த பெயின்ட் போகாது என்று நான் சொல்வதற்குள் அப்பாவே முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். சாமான்யத்தில் தப்பை ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

"லாரியத் திருப்பி அனுப்பு. மறுக்கா போட்டுறலாம்" என்றார்.

அன்று மதியமே அச்சுகளைக் கழுவ ஆரம்பித்தார். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை போகப் பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்றேன். தொட்டியில் அமிழ்த்தி, நாள் தவறாமல் தண்ணீர் மாற்றினார். கடைசியில் லாரி டிரைவருக்குப் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்து கடற்கரை வரைக்கும் வந்து இறக்கிவிட்டுப் போனார். வழியில் யாராவது பெயின்ட் அடித்துவிடுவார்களோ என்று பயமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் சூடாவதை மயிரிழையில் நாங்கள் முந்திக்கொண்டோம். ஆனாலும் அந்தக் கோடை முழுக்க, ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். சில துண்டுகள் வெளுத்துச் செத்தன. பெரும்பாலானவை பிடித்துக்கொண்டன.

சில வருஷம் கழித்து அப்பாவைப் படகில் அழைத்துப் போனேன். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கச் சொன்னேன். பழுப்பும் ஊதாவும் மஞ்சளுமாகப் பவளம் கிளைத்திருக்க, நடுவே மீன்கள் புகுந்து புறப்பட்டன. அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"நம்ம பலகை எங்க அம்மணி?"

"அது மேலதாங்கப்பா இத்தனையும் வளர்ந்திருக்குது."

தலையை நிமிர்த்தாமலே, "இதுக்குப் போயி நான் பச்சை அடிச்சேன் பாரு" என்றார். அந்தப் பெருமை எனக்கு எந்தப் பட்டத்திலும் கிடைத்ததில்லை.

பச்சைப் பலகைகள் இப்போது மதுக்கரை வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்தில் கிடக்கின்றன. போன பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர், மகள் இன்னும் கப்பலில்தான் இருக்கிறாளா என்று விசாரித்தார். அப்பா அந்தப் பலகைகளைக் காட்டினார்.

"கப்பலெல்லாம் இல்லீங்க. இது கடலுக்கு ஆகாத கல்லு, அதான் இங்க கெடக்குது. ஆன கல்லுல என்ற புள்ள பவளம் வளத்துறாளுங்க."