பிரஸ் ஷாப்பில் பிறந்த தாளம்

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்கு மேலே ஒரு மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் எங்கள் இசைக்குழு கூடும். இசைக்குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கிதாருக்கு ஒரு பென்னலூர்க்காரன், சர்ச்சில் வாசித்துப் பழகியவன். டிரம்ஸுக்கு என் அறைத்தோழன், திருநெல்வேலிக்காரன். பாடுவதற்கு நான், பாடுவது என்றால் கத்துவது. மூன்று பேருமே கான்ட்ராக்ட் தொழிலாளிகள்.

"இதுக்குப் பேரு பங்க் மியூசிக்கு மச்சி," என்று பென்னலூர்க்காரன் போனில் எதையோ போட்டுக் காட்டினான். "சுதி சேரலன்னா இன்னா? கோவம் இருந்தா போதும்."

கோபத்துக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? கேன்டீன் சாம்பாருக்கு ஒரு பாட்டு. கழிவறைக்குப் போகக் கையைத் தூக்கி நிற்பதற்கு ஒரு பாட்டு. கிளம்புகிற நேரத்தில் ஓ.டி. பார்த்துவிட்டுப் போ என்று மறிக்கும் சூப்பர்வைசருக்கு ஒன்று. எல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கீழ்வீட்டு ஓனரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, "இன்னாப்பா, வூடு இடிஞ்சி வுழற மாதிரி கத்திகினு கீறீங்க?" என்பார். அடுத்த வாரம் அதுவும் பாட்டாகிவிடும்.

தாளமெல்லாம் திருநெல்வேலிக்காரன் கொண்டுவருவது. அவனுக்கு வேலை ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில். கார் கதவுக்கான தகடுகளை இடித்து வடிவமாக்கும் இடம் அது. உள்ளே போகிற எல்லோரும் காதில் இயர் பிளக் வைத்துக்கொள்ள வேண்டும். இவனுடையது சட்டைப்பையில் கிடக்கும். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மட்டும் காதுக்குப் போகும்.

"அத வச்சா ஒண்ணும் கேக்க மாட்டேங்குல," என்பான். "மூணாவது பிரஸ்ஸு கொஞ்சம் பிந்தி விழும் பாரு. அதாம்ல நம்ம தாளம்."

அறைக்கு வந்ததும் வராததுமாகப் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அந்த இடியை அப்படியே வாசித்துக் காட்டுவான். எனக்குப் புல்லரித்துவிடும். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். இந்தக் கிறுக்கன் ஒருவன்தான் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு வருடம் போயிருக்கும். அவன் வாசிப்பின் வேகம் குறைய ஆரம்பித்தது. டிரம்ஸில் கணீரென்று ஒலிக்கும் வெண்கலத் தட்டுகளைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டான். பெரிய டிரம்மை மட்டும் நிதானமாக, ஒவ்வோர் அடியாக அடித்தான். பென்னலூர்க்காரன் மெல்லிய கம்பிகளைத் தொட்டால், "அது வேண்டாம்ல, தடிச்ச கம்பிய மட்டும் அடி," என்றான். அந்தக் கனத்த தாளத்தில் சாம்பாரைப் பற்றிக் கத்த முடியுமா? நானும் மாறவேண்டி வந்தது. ஷிப்ட் முடிந்த பேருந்தில் வாய் பிளந்து தூங்கும் முகங்களை எழுதினேன். ஒருவன் எழுந்து போனதும் அடுத்தவன் படுக்கும் சூடு ஆறாத பாயை எழுதினேன். கத்தல் போய்க் குரல் தானாகவே தாழ்ந்தது.

எங்கள் தெருவில் நடந்த ஆயுத பூஜை விழாவில் அப்படியே வாசித்தோம். வழக்கமாக விசிலடிக்கும் கூட்டம் கம்மென்று நின்றது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்பதாங்க உங்க மியூசிக் மெச்சூர் ஆயிருக்கு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வளர்ந்துவிட்டோம் என்றே நம்பினேன்.

அதற்கடுத்த ஞாயிறு, அறையில் சோறு வைத்திருந்தோம். நான் வெளியே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் மேல் விசிலாக அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னும் ஒரு விசில் கூட வரலியேல?" என்றான்.

அடுப்பை அணைத்துவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்துடா?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "விசிலு, மணி, போன்ல அம்ம பேச்சு, எல்லாம் போயிட்டு," என்றான். "இடி மட்டும் கேக்கு. அதான் அத மட்டும் வாசிக்கேன்."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்று, அந்தச் சத்தத்தை விட்டு வெளியே வா என்றார். வேறு லைனுக்கு மாற்றிக் கேட்கச் சொல்லி மன்றாடினேன். "கேட்டா சூப்பர்வைசர் ஏன்னு கேப்பான். காது போச்சுன்னு சொன்னா நாளைக்கே கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கணும்ல," என்று முடித்துவிட்டான். அன்றிலிருந்து ஒழுங்காக இயர் பிளக் வைத்தான். பாவி, அப்போதுதான் வைத்தான்.

சில மாதம் கழித்து அந்தக் கல்லூரிக்காரர் எங்கள் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தார். அந்தச் சூடு ஆறாத பாயின் பாட்டு. மொட்டைமாடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்துப் போட்டோம். திருநெல்வேலிக்காரன் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டான். தலை தாளத்துக்கு ஆடியது. பென்னலூர்க்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லா வந்திருக்குல," என்று திருநெல்வேலிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ எப்ப பாட ஆரம்பிப்ப?"

பெட்டிக்குள் நான் இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருந்தேன்.