துண்டுக்குள் முடிந்த பேச்சு

கொடியில் காய்ந்த துண்டு காற்றில் புடைத்தது. உள்ளே இரண்டு கைகள் இருப்பதுபோலத் தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்த நாவலை மூடி வைத்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும், மழை பொய்த்திருந்தது. கொடும்பாளூர்ப் பக்கத்துச் சந்தையில் எங்கள் மயிலைக் காளையை விற்க அப்பா நின்றார். தரகர் துண்டைப் போட்டு மூடி, அப்பாவின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை.

"என்னண்ணே, விரல விடவே மாட்டேங்குறீங்க? பொண்ணையா கட்டிக் குடுக்குறீங்க?"

அப்பா கையை உருவிக்கொண்டு, காளையின் கயிற்றைத் தரகரிடம் கொடுத்தார்.

வீட்டில் ஆத்தா கேட்டாள்: "ஏங்க, உழவுக்குக் குடுத்தீங்களா, அடிமாட்டுக்கா?"

"கையக் குடுத்தாச்சு. இன்னமே என்ன கேள்வி?"

சாகும்வரை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் கூச்சம்.

அந்தக் காளைதான் என் நாவல். "மாடு கடைசியில என்னதாங்க ஆச்சு?" என்று பதிப்பாளர் நச்சரிக்கிறார். யாரோ ஒரு சம்சாரியின் வயலில் அது உழுவதாக எழுதுகிறேன். படித்தால் பொய்யாக இருக்கிறது, அடித்துவிடுகிறேன். வெட்டுக்குப் போனதாக எழுதக் கை வரவில்லை.

"காஞ்சிருச்சுங்க, எடுத்துரவா?" என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் துண்டை உருவிவிட்டாள். பின்னால் வெறும் கயிறுதான் ஆடிக்கொண்டிருந்தது.