அரைப் பேப்பர் வராத ஊர்

நான் இப்போது நர்ஸாக வேலை பார்ப்பது இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக நகரத்தில். வந்த புதிதில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போய், நாடு முழுக்க விற்கிற ஒரு பேப்பரின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீர்ந்துவிட்டதா என்றேன். தீரவில்லை, இந்த ஊரில் யாரும் அதை விற்பதில்லை, வாங்குவதும் இல்லை என்றார்.

வார்டில் என்னோடு வேலை செய்யும் ஒரு வயதான அம்மாள்தான் தேநீர் வேளையில் அந்தப் பேப்பரின் வரலாற்றைச் சொன்னார். தொழிலாளிகளுக்கென்று நடந்த ஒரு பெரிய பேப்பர் நொடித்துப்போனபோது அதன் இடத்தில் முளைத்ததாம் இது. இதுவும் ஓடவில்லை. பிறகு வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாங்கி, தாளைப் பாதியாகக் குறுக்கி, தலைப்பைப் பெரிதாக்கி, நடிகைகள் படமும் கால்பந்தும் அக்கம்பக்கத்து வம்பும் போட்டாராம். கொஞ்ச நாளில் அந்த நாட்டிலேயே அதுதான் அதிகம் விற்றது. அப்புறம் ஒரு கால்பந்து மைதானத்தில் கூட்டம் நெருக்கி, இந்த ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்கள். செத்தவர்களின் பையிலிருந்து அவர்கள் ஊர்க்காரர்களே திருடினார்கள் என்று அந்தப் பேப்பர் முதல் பக்கத்தில் எழுதியது. அது பொய். பல வருடம் கழித்து மன்னிப்பும் கேட்டார்கள். ஊர் அசையவில்லை. அன்றைக்கு நிறுத்தியவர்கள் நிறுத்தியவர்கள்தான், அவர்களுடைய பேரப்பிள்ளைகள்கூட அதைத் தொடுவதில்லை என்றார் அந்த அம்மாள்.

இதை நான் அதிசயமாக அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா அசரவே இல்லை. நம்ம ஊரில்கூட அரைப் பேப்பர் வருவதில்லையே, உனக்கு ஏன் என்று தெரியாதா என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்றுதான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் தெலுங்கு எல்லைக்குள், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் எது முந்துகிறதோ அது. திருப்பதியில் அச்சாகி, காலை முதல் பஸ்ஸில் எங்கள் ஊருக்கு எட்டே எட்டுப் பிரதியாக வந்து இறங்கும் ஒரு தெலுங்குப் பேப்பர். மற்ற பேப்பர்களில் பாதி அளவுதான் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அது அரைப் பேப்பர். அளவுதான் அரை, சத்தம் இரண்டு மடங்கு. சிவப்புத் தலைப்பில் யாராவது யாரோடாவது ஓடியிருப்பார்கள், லாரி கவிழ்ந்திருக்கும், சாமியார் பிடிபட்டிருப்பார். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும். ஆகவே தினமும் சலூனிலிருந்து அதை இரவல் வாங்கி வந்து, அம்மா அடுப்பில் இருக்க, நான் வாசலில் நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்து அங்கங்கே தமிழிலும் சொல்வேன். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. நான் படிப்பதைக் கேட்க அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் முறத்தோடு வந்து உட்கார்வார்கள் என்பதால் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய படங்கள் பெயரோடு வரும். பள்ளிக்கூடத்தில் நாயுடுபேட்டை தாண்டிப் பூநாரை பார்க்கக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து நான் ஆறு பூநாரை வரைந்தேன். ரோஸ் கலர் பென்சில் மூன்றாவது பறவையிலேயே தீர்ந்துபோனதால் மீதி மூன்றுக்கும் அம்மாவின் குங்குமத்தை எடுத்துத் தேய்த்தேன். அதைத் தபாலில் போட்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிறு வரும், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு வரும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் நைனா திருமலைக்குப் போனார். எனக்கு டைபாய்டு வந்து பிழைத்ததற்கு, நடந்தே மலையேறி மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டுதல். போனவர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மலையில் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் சேவையில் சேர்ந்துவிட்டார், பத்து நாள் ஆகும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் அதையும் வகுப்பில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

நடந்தது வேறு. மொட்டை போட்டு இறங்கிய நைனா, காளஹஸ்தி பக்கம் போகும் ஒரு வேனில் ஏறியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தமிழ் பேசியதால் நம்ம ஆட்கள் என்று நினைத்து ஏறினாராம். திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டப் போகிறவர்களைத் தேடி வழியில் போலீஸார் வேனை மறித்துச் சோதனை போட்டார்கள். வேனில் இருந்தவர்களில் எத்தனை பேர் மரம் வெட்டப் போனார்கள், எத்தனை பேர் வேறு கூலி வேலைக்குப் போனார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நைனா தமிழ் பேசினார், கையில் எந்த அட்டையும் இல்லை, அவ்வளவுதான். எல்லோரையும் வரிசையாகத் தரையில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அரைப் பேப்பரின் முதல் பக்கத்தில், கொள்ளைக் கும்பல் என்ற சிவப்புத் தலைப்புக்குக் கீழே, முன் வரிசையில் மொட்டைத் தலையோடு நைனா உட்கார்ந்திருந்தார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றிலிருந்து ஊரில் அரைப் பேப்பர் இல்லை என்பதுதான். சலூனுக்குப் போனேன். அந்த அண்ணன் வாரத்துக்கு மூன்று பேருக்கு முடிவெட்டிவிட்டு மீதி நேரமெல்லாம் பேப்பரைப் படித்து ஊருக்குச் சொல்கிறவர். பஸ்காரன் மறந்துட்டான் பாப்பா என்றார். டீக்கடையில் கேட்டால் அச்சு மிஷின் ரிப்பேர் என்றார்கள். எங்கள் டீச்சரும் அந்தப் பேப்பர் வாங்குகிறவர். மழையில் நனைந்துபோய்விட்டது என்றார். சித்திரை மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. பெரியவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஆளுக்கொன்று சொன்னதால் இதில் ஏதோ சதி என்று முடிவு கட்டிவிட்டேன்.

சதிகாரரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. பால் வாங்கப் போகிற சாக்கில் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போய் ஒளிந்து நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர் வழக்கம்போல் பேப்பர் கட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டவர் பெரிய நைனா.

பெரிய நைனா என்றால் எங்கள் நைனாவின் அண்ணன். அடுத்த வீடுதான். கிணற்று மோட்டார் யார் முறை என்பதில் வந்த சண்டையில், அண்ணனும் தம்பியும் நான் ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போதே பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கோழி எங்கள் பக்கம் வந்தால் விரட்டுவது என் பொறுப்பு. அப்படிப்பட்டவர் என் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு, ஆளைக் கண்டால் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, பஸ் திரும்பும்போது ஏறித் திருப்பதிக்குப் போனார். தினமும் இதையே செய்தார். இது போதாதென்று ஒருநாள் பெரியம்மா கொல்லை வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, எங்கள் ரேஷன் கார்டையும் வாங்கிக்கொண்டு போனாள். பேப்பர் போனது, இப்போது ரேஷன் கார்டும் போயிற்று. அம்மா ஏன் இப்படி வாய் பேசாமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறாள் என்று எனக்கு அம்மா மேலும் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூநாரை வருகிற நாள். பெரிய நைனா கட்டைக் கையில் வாங்கியதுதான் தாமதம், நான் ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன்.

“எங்க பேப்பர ஏன் திருடிகினு போற? நீ திருடன். எங்க நைனா வரட்டும், சொல்றேன்.”

சுற்றி நின்றவர்களில் பெரியவரை இப்படிப் பேசுகிறாயே என்று என்னை அதட்டக்கூட ஒருவரும் இல்லை. பெரிய நைனா குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பேப்பர் கட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

“சொல்லு பாப்பா. அவன் வரட்டும். வந்ததும் மொதல்ல அதயே சொல்லு.”

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. என்னைக் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

பேப்பர் நின்ற பதினோராம் நாள் மத்தியானம் நைனா வந்தார். கூடவே பெரிய நைனாவும் அதே பஸ்ஸிலிருந்து இறங்கினார். ரேஷன் கார்டு, ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுத்த காகிதம், நிலப் பட்டா என்று ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பத்து நாளாகப் போலீஸ் ஸ்டேஷன், ஆபீஸ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, இவன் எங்கள் ஊர்க்காரன், என் தம்பி என்று சொல்லிச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது நைனா இளைத்திருக்கிறார் என்பது மட்டும்தான். சேவை என்றால் சாப்பாடு போடமாட்டார்களா என்று கேட்டேன். நைனா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த வயதில் என்னை யாரும் தூக்குவதில்லை.

வீட்டுக்குள் போகும் முன் குளிக்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். கொல்லையில் கல்லைக் கூட்டி அண்டா நிறையத் தண்ணீர் வைத்தார்கள். பெரிய நைனா கொட்டகைக்குள் போய் அந்தக் கட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அடுப்பருகே போட்டார். பெரும்பாலானவை சணல்கூடப் பிரிக்காமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்பில் தள்ளினார். சிவப்பு எழுத்துகள் சுருண்டு கறுத்தன. ஞாயிற்றுக்கிழமைக் கட்டு எது என்று நான் தேடுவதற்குள் எல்லாம் சாம்பல். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

அண்ணனும் தம்பியும் அப்போதும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. சூடு போதுமா என்று பெரிய நைனா அடுப்பைப் பார்த்துக் கேட்டார். போதும் என்று நைனா அண்டாவைப் பார்த்துச் சொன்னார். நான் ஓவென்று அழுதேன். நைனா திரும்பி வந்த சந்தோஷத்தில் பிள்ளை அழுகிறது என்று பெரியம்மா என்னை அணைத்துக்கொண்டாள். நான் அழுதது என் ஆறு பூநாரைகளுக்காக.

சில நாள் கழித்து அந்தப் பேப்பர் தவறுக்கு வருந்துவதாக உள்பக்கத்தில் இரண்டு வரி போட்டதாம். போட்டோ இல்லை, பெயர் இல்லை. அதன் பிறகும் எங்கள் ஊரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சலூன் அண்ணன் வேறு பேப்பருக்கு மாறிவிட்டார். அது பெரிய தாள், சாதுவானது, அதில் யாரும் யாரோடும் ஓடுவதில்லை என்று அலுத்துக்கொள்வார், ஆனாலும் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் யாரிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை. நைனா தன் படம் வந்ததே தெரியாமல்தான் இன்றுவரை இருக்கிறார் என்று அம்மா நினைக்கிறாள். நைனா பிடிபட்டது அம்மாவுக்கு அப்போதே தெரியும், ஆனால் படம் வந்தது பெரியம்மா சொல்லித்தான், அதுவும் வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் ஒன்று கேட்டேன். போட்டோ வந்தது முதல் நாள் பேப்பரில். அதைச் சலூன் அண்ணன் அன்றைக்கே மடித்துப் பெரிய நைனா கையில் கொடுத்துவிட்டார். மற்றவர்களும் அவரவர் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எதற்கு மீதிப் பத்து நாள் பேப்பரையும் எடுத்தார்? எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரையாவது விட்டிருக்கலாமே.

அம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“அவருக்குத் தெலுங்குல ஒரு எழுத்து தெரியாதுமே. எதுல தம்பி பேர் கீதோ, எதுல இல்லியோ, அவருக்கு எப்டித் தெரியும்?”

யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் படிக்கிறவர் வாயிலிருந்து அது எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிடும் என்று அவர் பயந்திருக்கிறார். அதிலும் எங்கள் தெருவில் தெலுங்கை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி படிக்கிற ஆள் ஒருத்திதான். அவள் தன் நைனாவைக் கொள்ளைக்காரன் என்று தன் வாயாலேயே, தன் அம்மாவுக்கு, பெருமையாகப் படித்துக் காட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் நல்லது எது கெட்டது எது என்று தெரியாமல் அத்தனை தாளையும் சுமந்துகொண்டு போய் வைக்கோலுக்கு அடியில் மறைத்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் நான் பஸ் நிறுத்தத்தில் திருடன் என்றேன். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.