மாமா கையில் என் பூட்ஸ்

லண்டனுக்குத் தோல் விக்க மாமா கூடக் கப்பல்ல போறேன். பம்பாயை விட்டு ரெண்டே நாள்தான் ஆச்சு தோஸ்துங்களா, ஒரே பேஜார்.

யார் எதிர்ல வந்தாலும் மாமா குனிஞ்சு அவங்க பூட்ஸை அமுக்கிப் பாக்கறார். இன்னிக்குக் கேப்டன் கால்.

"தோல் பதம் பண்ணப்போ ஆவாரம்பட்டை பத்தல, சொல்லுடா இவர்கிட்ட"ன்றார்.

கேப்டன் மொறைச்சார். ரெண்டு பேரும் ரூமுக்கு வந்துட்டோம்.

இங்க பாக்க வேற கால் இல்ல. என் பூட்ஸைக் கையில எடுத்தார்.

"நான் குடுத்த தோல்ல தெச்சதுன்னியே, இது நம்ம தோல் இல்லியேடா?"

அந்தத் தோலை உங்கள்ல ஒருத்தனுக்குக் குடுத்துட்டு, மெட்ராஸ் கடையில வாங்கின பூட்ஸ் இது.

பேனாவை எடுத்து இதை எழுத உக்காந்துட்டேன். மாமாவும் பூட்ஸைக் கீழ வைக்கல.

இன்னா சொல்லலாம், எழுதுங்க. இந்தக் கடுதாசியாவது வழியில ஏடன் துறைமுகத்துல இறங்கிடும். நான் லண்டன் வரைக்கும் இவரோடதான்.