என் பெயரில் எழுதிய மருந்துச் சீட்டு

திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் தூக்கமின்மை என்னுடையது இல்லை. பசியின்மையும் என்னுடையது இல்லை. எனக்குப் படுத்தால் தூக்கம், தட்டு வைத்தால் பசி. அந்த நோய் முழுவதும் என் தம்பியுடையது. அவன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தான். அவனுக்காக நான் போய் நோயாளியாக உட்கார்ந்துவிட்டு வருவேன்.

இது என்ன கூத்து என்று யாரும் கேட்கலாம். அன்று எங்களுக்கு அது கூத்தாகத் தெரியவில்லை, புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் குளிக்காமல், சவரம் செய்யாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். அம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள், ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தாள், உவரி அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் தங்கினாள். நான் படித்தவள், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள், இதையெல்லாம் கேலி செய்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். உவரியில் அவன் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தான். அங்கே மணலில் அவனைப் போல நாலு பேர் படுத்திருந்தார்கள். ஏன் இப்படி இருக்கிறாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

பிறகு என் பிடிவாதத்தில்தான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று பேரும் போனோம். அங்கிருந்த டாக்டர் தம்பியைப் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவின் பேச்சைக் கேட்டார். "நீங்க கடற்கரையா?" என்றார். ஆமாம் என்றோம். அடுத்த கேள்வி, எவ்வளவு நாளாகக் குடிக்கிறான் என்பது. என் தம்பி கல்யாண வீட்டில் ஒயின் ஊற்றினாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்கிறவன். அவன் குடிக்க மாட்டான் என்று அம்மா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். எங்கள் ஆட்களின் குரலே அப்படித்தான், அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "இது மீன் ஏலக்கூடம் இல்லம்மா" என்றார்.

வெளியே வந்து சீட்டைப் பார்த்தால் குடிப்பழக்கம் என்றே எழுதியிருந்தது. அம்மா அதை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டாள். கோபம் பாதி, பயம் பாதி. கப்பல் ஏறும் முன்னால் ஒவ்வொரு தடவையும் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதில் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்று ஒரு கேள்வி வரும். உண்டு என்று சொன்னால் வேலை போய்விடும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உண்மையிலேயே போய்விடுமா என்று யாரும் விசாரித்ததில்லை. நானும் விசாரிக்கவில்லை.

இனி எந்த டாக்டரிடமும் வர மாட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த மூன்று வருஷத்தில் என் பேச்சிலிருந்து கடற்கரையைக் கழுவித் துடைத்திருந்தேன். விடுதியில் பட்ட கிண்டல் அப்படி. என்னை எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொன்னால் டாக்டர்கள் கேட்பார்கள். சரி, அவன் நோயை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தம்பி பல நாளுக்குப் பிறகு சிரித்தான். "ஒனக்குக் கிறுக்குன்னு எழுதிக் குடுத்துருவாவ, பாத்துக்கோ" என்றான்.

போவதற்கு முதல் நாள் சாயங்காலமே அவனைக் குசினியில் அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாடக்குறிப்பு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் முத்துக் குளிக்கப் போனவர்கள். அந்தக் கதைகள் எங்கள் எல்லார் தலைக்குள்ளும் உண்டு. "கல்லக் கட்டி உள்ள எறக்கிவிட்டுட்டு, மேல நிக்கிறவன் கயித்த இழுக்க மறந்துட்டான் பாத்தியா, அப்படி இருக்கு" என்றான். நான் அதை மனச்சோர்வு என்று எழுதினேன்.

நான் போன திருநெல்வேலி டாக்டர் வேறு ஆள், நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். வயது, குழந்தைகள், கணவர் எப்படி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டபோது, எதற்கு என் பதில், எதற்குத் தம்பியின் பதில் என்று எனக்கே குழம்பியது. கடைசியில் அவர், "உங்களை மாதிரி தெளிவா சொன்னா எங்க வேலை சுலபம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வல்லநாடு தாண்டும்வரை பஸ்ஸில் அந்தப் பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தேன். இன்று அதை நினைத்தால் கூசுகிறது.

மாத்திரை வேலை செய்தது. அவன் எழுந்தான், சாப்பிட்டான், கப்பல் ஏறினான். சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டு, கப்பலில் இருக்கும் ஒன்பது மாதத்துக்கும் கொடுத்தனுப்பினோம். அம்மா மட்டும் அவ்வப்போது, "ஏளா, ஒன் பேர்ல எழுதுத சீட்டு அவன் ஒடம்புக்குச் சேருமா?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் ஒழுங்கான கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் அவளை அதட்டி அடக்கினேன்.

அடுத்த விடுமுறையில் வந்தபோது, மறுபடியும் ஏட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தேன். தூக்கம், பசி எல்லாம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னான். இன்ஜின் அறையில் ரெண்டு பேர் பேசுகிற சத்தம் அவனுக்குக் கேட்கிறதாம். அந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"நம்மூர்ப் பேச்சுலதான் பேசுதாவ அக்கா. மொதல்ல தொணையாத்தான் இருந்துச்சு. இப்ப ஏசுதாவ."

வீட்டிலும் கேட்கிறதா என்றேன். இப்போதும் கேட்கிறது என்றான். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே ஞாபகம் இருக்கும் என்று அவனிடம் சொன்னேன்.

மறுநாள் திருநெல்வேலி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "வேற ஏதாவது?" என்றார். பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. எனக்குக் குரல் கேட்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கோப்பில் என் பெயர் இருந்தது, என் வயது இருந்தது, ஆசிரியை என்று இருந்தது. வெளியே வரிசையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியின் தாய் உட்கார்ந்திருந்தாள். மனச்சோர்வு என்றால் பாவம் என்பார்கள். குரல் கேட்கிறது என்றால் பிள்ளைகளை என் வகுப்பில் விட மாட்டார்கள். என் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது எங்கிருந்தாவது முளைக்கும். இத்தனையும் ஒரு நொடியில் தோன்றியது. வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அதைத்தான் முதலில் கேட்டான். அதையும் சொன்னாயா என்று. சொன்னேன் என்றேன். இந்த மாத்திரை அதற்கும் சேர்த்துத்தான் என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டப்பாவை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அதே பொய். அவன் அந்தக் குரல்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். நின்றுவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி நினைக்க வசதியாக இருந்தது. போன வருஷம் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவன் இன்ஜின் அறைக்குள் இறங்க மறுத்துக் கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். எந்த வேலையைக் காப்பாற்ற இத்தனையும் செய்தோமோ, அந்த வேலை போயிற்று. வந்தவன் பதினோரு கிலோ இளைத்திருந்தான். அம்மாவைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தத் தடவை அவனையே கூட்டிக்கொண்டு போனோம். வேறு ஆஸ்பத்திரி, சின்ன வயசு லேடி டாக்டர். அம்மா வழக்கம்போல உரக்கத்தான் பேசினாள். அந்தப் பெண் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் ஆசிரியை என்று சொல்லிக்கொண்டு நடுவில் புகுந்து விளக்கப் போனேன். "அவரே சொல்லட்டும் டீச்சர்" என்றார். அவன் சொல்ல ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் ஆனது. அவர் பத்து நிமிஷமும் பேசாமல் இருந்தார். இவ்வளவுதான் தேவைப்பட்டது என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவன் எல்லாவற்றையும் அவன் பேச்சிலேயே சொன்னான். ரெண்டு பேர் ஏசுவதைச் சொன்னான். என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதற்கு முன்னால் வைத்தியம் பார்த்ததுண்டா என்று டாக்டர் கேட்டார்.

"பாத்தோம். அக்காதான் போயி எனக்காவச் சொல்லி வாங்கிட்டு வந்தா. இதுக்கும் சேத்துத்தான் மாத்திர. ஒருநா விடாம சாப்பிட்டேன், அவிய ஏசுதது நிக்கல. சரி, இதுக்கு மருந்து கெடயாது போலன்னு விட்டுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பழைய சீட்டு ஒன்று கைப்பையில் இருந்தது, எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் பெயரைப் படித்தார், மருந்தைப் படித்தார், மறுபடி பெயரைப் படித்தார். குரல் கேட்பதை அங்கே சொன்னீர்களா என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லவில்லை என்றேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றேன். இது எதற்கான மாத்திரை என்று அவனிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

தம்பி என்னை அடித்திருக்கலாம். ஏசியிருக்கலாம். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருந்தேன். அவன் என் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியை டாக்டர் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அப்ப இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டான்.