நட்சத்திரம் பார்த்துப் போட்ட சோறு

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு ஃபவுண்டரி, கொஞ்சம் தள்ளி ஒரு டயர் கடை. இரண்டுக்கும் நடுவில் தகரம் போட்ட நீளமான கொட்டகை. அதுதான் பொங்கியண்ணன் மெஸ். மத்தியானச் சாப்பாடு மட்டும். காலையில் வந்து இட்லி இருக்கிறதா என்று கேட்கிறவனை, பெண் பார்க்க வந்து வீடு மாறிப்போனவனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார் பொங்கியண்ணன்.

ஆள் ஒன்றும் அழகில்லை. சிரிப்பதற்கென்று முகத்தில் கடவுள் ஒதுக்கிய இடத்தில் மீசை வளர்த்து வைத்திருந்தார். விசைத்தறி ஓட்டிப் பார்த்தார், அது படுத்துக்கொண்டது. கோழிப்பண்ணை வைத்தார், கோழிகள் படுத்துக்கொண்டன. கடைசியில் மனைவி ராசாத்தாளின் சமையலை நம்பி இந்தக் கொட்டகையைப் போட்டார். அது மட்டும் நின்றது. ருசி ராசாத்தாளுடையது, அந்தப் பெருமையில் அவருக்குப் பங்கு கிடையாது. அவர் சொந்தமாகச் சம்பாதித்த பேர் ஒன்றே ஒன்றுதான்: பொங்கியண்ணன் போட்ட இலையில் உட்கார்ந்த எவனும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை. அந்தப் பேருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் மனிதர் தாங்கமாட்டார்.

அதைக் காப்பாற்றுவது அப்படியொன்றும் சுலபமில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பசிக்கிறது என்று சொல்லமாட்டார்கள். உயிர் போனாலும் சொல்லமாட்டார்கள். சோற்று வாளி தூரத்தில் வரும்போதே "போதுமுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதல் தடவை சொல்வது மரியாதைக்கு. இரண்டாவது, பக்கத்து இலைக்காரன் பார்க்கிறானே என்பதற்கு. மூன்றாவது தடவை இரண்டு கையையும் இலைக்கு மேல் குடை மாதிரி விரித்து, உடம்பையும் வளைத்து மறைத்தால்தான் வயிறு பேசுகிறது என்று கணக்கு. காசு கொடுத்துச் சாப்பிடுகிற கடையிலும் இதே கூத்துதான். அதனால் முதல் இரண்டையும் பொங்கியண்ணன் காதிலேயே வாங்கமாட்டார்.

"அட, சும்மா வெச்சுக்கோங்க. ரசத்துக்கு ஒரு கை சோறு வேண்டாமுங்களா?"

கை என்று அவர் சொன்னது கரண்டியை. அந்தக் கரண்டி ஒரு சின்ன மண்வெட்டி.

சுவரோரம் கடைசி இடம் மாசாணத்துக்கு. ஃபவுண்டரியில் வார்ப்பு மண் கலக்குகிற வேலை. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதை விட்டுவிட்டவர். காலையில் டீ, ராத்திரிக்கு ஏதோ ஒன்று, நடுவில் இந்தச் சோறுதான் ஆளை நிறுத்தி வைத்திருந்தது. மாசாணத்தின் அப்பா, பொங்கியண்ணனுடைய அப்பாவின் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர். அவருக்கு அந்தக் காலத்தில் சோறு எந்த இடத்தில், எதில், எவ்வளவு உயரத்திலிருந்து போட்டார்கள் என்பதை எல்லாம் இங்கே எழுதினால் படிக்கிறவர்களுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

மாசாணம் முதல் நாள் மெஸ்ஸுக்கு வந்தபோது, சோறு வரும் முன்னேயே மூன்று "போதுமுங்க"வையும் மொத்தமாகச் சொல்லி முடித்துவிட்டார். பொங்கியண்ணன் ஒன்றைக்கூடக் கணக்கில் சேர்க்காமல் மண்வெட்டியைச் சாய்த்தார். அதற்காக அவருக்கு யாரும் மாலை போட வேண்டாம். எல்லாருக்கும் சாய்ப்பதுதான், மாசாணமும் எல்லாரையும் போலக் காசு கொடுத்தவர்தான். ஆனால் அன்றோடு மாசாணம் வேறு கடை ஏறவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. கேட்டால், "சாப்பாட்டுக்கு என்னுங்ணா" என்பார். நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பதை அந்தப் பதிலில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மகள் லோகப்பிரியா ஒரு நல்ல காரியம் செய்தாள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டிலிருந்தவள், கடையைப் போன் மேப்பில் ஏற்றிவிட்டாள். அதுவரை பொங்கியண்ணனிடம் ஒருத்தரும் முகத்துக்கு நேராகக் குறை சொன்னதில்லை. இலையில் பாதியை மூடிவிட்டு எழுந்தவனும் கை கழுவியதும் "அருமைங்க" என்றுதான் போனான். அந்த அருமை எல்லாம் டயர் கடை ஓரமாய் நின்று போனில் என்னவாக மாறுகிறது என்பது இப்போது தெரிய ஆரம்பித்தது.

கடை கழுவிவிட்ட ஒரு சாயங்காலம் லோகப்பிரியா வாசித்துக் காட்டினாள்.

"'கார் நிறுத்த இடமே இல்லை.' ஒரு ஸ்டாருங்கப்பா. செங்கோடன்னு பேரு."

"நம்ம செங்கோடனா? டவுன் பஸ்ஸுல வந்து எறங்கறவனுக்கு ஏது அம்மணி காரு?"

"'ஞாயிற்றுக்கிழமை போனேன், பூட்டியிருந்தது. டேஸ்ட் சுமார்.' இது ரெண்டு ஸ்டாரு."

"பூட்டை நக்கிப் பாத்தானாமா?"

"'சாம்பார் சூப்பர், அங்கிள் டேஞ்சர்.' மூணு."

உள்ளே போசிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த ராசாத்தாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சூப்பருன்னா அது நானுங்க. மிச்சத்தை நீங்க வெச்சுக்கோங்க."

"இரும்மா, இன்னொண்ணு இருக்குது. ஆர்.எஸ்.புரத்துல நந்திதான்னு ஒரு அக்கா. 'நான்கு முறை போதும் என்றேன். கேட்கவே இல்லை. இது சாப்பாட்டுக் கடையா, போலீஸ் ஸ்டேஷனா? உணவை வீணாக்க வைக்கிறார்கள்.' ஒரே ஒரு ஸ்டாரு. இதுக்குக் கீழ எழுவது பேரு கரெக்ட்டுன்னு போட்டிருக்கறாங்க."

"எழுவது பேருமா நம்ம கடையில சாப்பிட்டாங்க?"

"சாப்பிடோணும்னு இல்லீங்கப்பா. கரெக்ட்டுன்னு போடறதுக்கு வெரல் இருந்தாப் பத்தாதா?"

பொங்கியண்ணனுக்கு மீசை துடித்தது. வயிற்றில் அடித்தவனை ஊர் கூடித் திட்டுவது நியாயம். வயிற்றை நிரப்பினவனைத் திட்டுவதற்கு எழுபது பேர் வேலையை விட்டு வந்து நிற்கிறார்களே!

"கோவிச்சுக்காதீங்கப்பா" என்றாள் லோகப்பிரியா. "புது அப்பார்ட்மெண்டுல இருக்கறவங்க எல்லாம் ஸ்டாரு பாத்துட்டுத்தான் வருவாங்க. நாலு ஸ்டாராவது வேணும். இனிமேட்டு யாராச்சும் போதும்னு சொன்னா அதோட நிறுத்திப்போடுங்க. அவங்க வாயி, அவங்க வகுறு."

மறுநாள் முதல் பொங்கியண்ணன் நாகரிகமாகிவிட்டார். ஒரு கரண்டி வைப்பார். "இன்னும் வேணுமுங்களா?" என்பார். "போதுமுங்க" என்று காதில் விழுந்ததும் அடுத்த இலைக்குப் போய்விடுவார். மகள் சொல்லிக்கொடுத்தபடி பல்லைக்கூடக் காட்டினார். அதைப் பார்த்த ஒருத்தர் உடனே தண்ணீர் கேட்டார்.

அப்பார்ட்மெண்ட் ஆட்கள் வந்தார்கள். இலையைப் படம் எடுத்தார்கள், அப்பளத்தைத் தனியாகப் படம் எடுத்தார்கள், குருவி கொறிப்பதுபோல் கொறித்துவிட்டு "சோ ஹோம்லி" என்றார்கள். நட்சத்திரம் மூன்றாயிற்று, மூன்றரையாயிற்று. நந்திதாவே திரும்ப வந்து, 'நல்ல மாற்றம் தெரிகிறது' என்று எழுதி நான்கு கொடுத்தாள். மீசை நரைத்த பிறகு ஒரு மனிதனுக்குப் புத்தி வந்ததற்கு இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?

பழைய ஆட்கள்தான் விநோதமாக நடந்துகொண்டார்கள். "போதுமுங்க" என்று சொல்லிவிட்டு, விலகிப் போகிற வாளியின் பின்னாலேயே தலையைத் திருப்பினார்கள். லாரி ஓட்டுகிற சென்னகேசவன், சோறு தீர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை. ஆனால் அப்படிக் கேட்பதற்குச் சென்னகேசவன் இன்னொரு ஊரில் பிறந்து வந்திருக்க வேண்டும். முக்கு ரோட்டு பேக்கரியில் சாயங்காலத்துக்கென்று போடுகிற தேங்காய் பன், மெஸ் மூடும் முன்னேயே தீர ஆரம்பித்தது. பொங்கியண்ணனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "எப்புடீங்க சாப்பாடு?" என்று கேட்டார். "அருமைங்க" என்றார்கள். நட்சத்திரமும் ஏறுகிறது, வாயும் அருமை என்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒரு புதன்கிழமை சுவரோர இடம் காலியாக இருந்தது. புதன் என்றால் அரிசிம்பருப்பு சாதம். மாசாணம் காய்ச்சலோடுகூட வந்து சாப்பிடுகிற நாள். அடுத்த நாளும் ஆளைக் காணோம். அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது. ஃபவுண்டரியிலிருந்து சாப்பிட வந்த பிரவின்குமாரிடம் பொங்கியண்ணன் விசாரித்தார்.

"மாசாணண்ணனா? நல்லாத்தான் இருக்கறாருங்க. மத்தியானத்துல பேக்கரிக்குப் போயிடறாரு. பன்னும் டீயும்."

நந்திதாவும் எழுபது பேரும் சேர்ந்து குத்தியது மேலே கீறியதோடு சரி. இது உள்ளே இறங்கியது. வாளியை மகள் கையில் கொடுத்துவிட்டு, இடுப்புத் துண்டோடு ரோட்டில் இறங்கி நடந்தார்.

பேக்கரி பெஞ்சில் மாசாணம் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பொங்கியண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காரு மாசாணம். என்ன, நம்ம பக்கமே காணோம்?"

"ஒண்ணுமில்லீங்ணா. வேலை எச்சா, நேரம் பத்தறதில்லீங்க."

"வேலை எச்சான்னா சோறும் எச்சாத் திங்கோணும். பன்னத் தின்னுபோட்டு மண்ணு கலக்கறவன இப்பத்தான் பாக்கறேன். சாப்பாடு செரியில்லியா? சொல்லு."

"சாப்பாட்டுக்கு என்னுங்ணா."

"அந்தப் பழமை பேசறதே வேண்டாம். என்னன்னு சொல்லு."

மாசாணம் டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன் டீக்குள் கரைந்து விழுந்தது.

"நானு போதுமுங்கன்னேன். நீங்களும் செரின்னு போயிட்டீங்க. மக்யா நாளு, அதுக்கடுத்த நாளும் அதேதான். காருல வர்றவங்க எச்சாயிட்டாங்க, போட்டோவெல்லாம் புடிக்கறாங்க. மண்ணுந்தூசியுமா நம்மளமாதிரி ஆளு நடுவால உக்காந்திருந்தா அவியளுக்குச் செரிப்படாதாட்டிருக்குது, அண்ணன் வாயத் தொறந்து சொல்ல முடியாம இப்புடிச் சொல்றாருன்னு நெனச்சுப்போட்டனுங்க."

"நான் எங்க சொன்னேன்?"

"எங்கப்பனுக்கும் யாரும் வாயில சொன்னதில்லீங்ணா. வராதேன்னு சொல்லமாட்டாங்க. சோத்தக் கொறச்சுப்போடுவாங்க."

யார் குறைத்தார்கள் என்று பொங்கியண்ணன் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். பெற்றவர் பெயரைப் பேக்கரியில் வைத்து எதற்கு இழுப்பது?

"அது அப்புடியில்ல மாசாணம். போனுல ஒருத்தி எழுதிப்போட்டா. அதுக்கு எழுவது பேரு... ஸ்டாருன்னு ஒண்ணு இருக்குது, அது எறங்கிப் போச்சுன்னா..." ஒரு முழு ஆம்பளை, பேக்கரி வாசலில் நின்றுகொண்டு நட்சத்திரத்தை விளக்குவதைத் தன் காதாலேயே கேட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போனுல சொன்னாக் கேப்பீங்களாங்ணா?" என்றார் மாசாணம். குத்தலாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எங்கிட்ட இருக்கறது பட்டன் போனுங்க. அதுல இதெல்லாம் வராது."

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வந்துரு."

"பாக்கலாமுங்ணா."

இந்தப் பக்கத்தில் பார்க்கலாம் என்று சொன்னவன் வந்ததாக வரலாறு இல்லை.

மறுநாள் பொங்கியண்ணன் வாளியைத் தூக்கும்போதே லோகப்பிரியா அவர் முகத்தைப் பார்த்து எண்ணத்தைக் கண்டுகொண்டாள். "அப்பா, மூணே முக்கால்கிட்ட வந்திருக்குது. கொஞ்ச நாளு பொறுத்தா நாலாயிருமுங்க."

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் அம்மணி. வேண்டாங்கறவங்க மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஒண்ணோட நிறுத்திக்கறேன். நம்மாளுகளுக்குக் கேட்டுப் போட முடியாது."

சென்னகேசவன் இலையில் மண்வெட்டி சாய்ந்தது. "அய்யோ, போதுமுங்க! வேண்டாமுங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் அவ்வளவு சந்தோஷம். சுவரோரத்தில் இருந்த லேப்டாப் பையைப் பொங்கியண்ணன் எடுத்து, அதன் சொந்தக்காரர் மடியில் வைத்தார். "இது ஆளு உக்கார்ற எடமுங்க. பை உக்கார்ற எடமில்லீங்க." பைக்காரர் அப்போதே போனை எடுத்து ஒரு நட்சத்திரம் போட்டார். உட்கார்ந்த இடத்திலேயே போட்டது இவர் ஒருத்தர்தான், அந்த மட்டுக்கும் யோக்கியர்.

அன்று மாசாணம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சுவரோர இடத்தில் ஓர் இலை போட்டே கிடந்தது. கூட்டம் நெருக்கிய நேரத்திலும் பொங்கியண்ணன் அங்கே யாரையும் உட்காரவிடவில்லை.

கடைசியில், மறுபடியும் கேட்காமல் போடுகிறார் என்று சென்னகேசவன் பேக்கரியில் போய் வயிற்றைத் தடவிக்கொண்டே புலம்பியது காதில் விழுந்ததோ என்னவோ, பந்தி அடங்குகிற நேரத்துக்கு மாசாணம் வாசலில் வந்து நின்றார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பொங்கியண்ணன் இலையில் தண்ணீர் தெளித்தார். மாசாணம் உட்கார்ந்தார்.

"போதுமுங்ணா."

சோறு விழுந்தது.

"போதுமுங்க."

இன்னொரு கரண்டி விழுந்தது. மாசாணம் இலைக்கு மேல் கையால் குடை பிடிக்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். சாம்பார் போனது, ரசம் போனது, ரசத்துக்கு மறுபடி சோறு வந்தது. எப்படி இருக்கிறது என்று பொங்கியண்ணன் இந்தத் தடவை கேட்கவில்லை. வாளியோடு நின்றார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு."

"ரசத்துல உப்புக் கம்மிங்க."

பொங்கியண்ணன் சமையல் கட்டைப் பயத்தோடு திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கா?"

"எப்பவுமேதானுங்க."

"இத்தன வருசமா வாயில என்ன வெச்சிருந்தே?"

"எப்புடி இருக்குதுன்னுதானுங்க கேப்பீங்க. அதுக்கு நல்லா இருக்குதுன்னுதான சொல்லோணும்?"

பொங்கியண்ணன் உள்ளே போனார். ரசப் போசியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார். கம்மிதான். இத்தனை வருஷமாகக் கம்மிதான். ராசாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்புடீங்க இருக்குது?"

"அருமை" என்றார் பொங்கியண்ணன்.

அவள் அடுப்பின் பக்கம் திரும்பினதும் உப்பு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மாசாணத்தின் இலை ஓரத்தில் அதை வைத்தார். வந்ததுதான் வந்தோம் என்று வாளியையும் சாய்த்தார்.

"போதுமுங்ணா" என்றார் மாசாணம், கையை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டே.